கூடிய நாலு கிலோ

நஞ்சுண்டனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொள்ளத் தெரியாது. இதென்ன பெரிய வித்தை, கரண்டியைப் பிடித்து அள்ளிப் போட்டால் ஆயிற்று என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து குழந்தையம்மாள்தான் அவருக்குப் பரிமாறினாள். இவர் "போதும்" என்பார். அவள் இன்னொரு கரண்டி வைப்பாள். தட்டின்மேல் கையை விரித்து மறித்தால்தான் நிறுத்துவாள். கொங்கு நாட்டு வீடுகளில் வெறும் வாயால் சொல்லும் போதுமுக்கு ஏது மரியாதை? தன் வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அது அவள் வேலை.

அவள் நெஞ்சுக் கோளாறில் போய்ச் சேர்ந்த பிறகு, சிங்காநல்லூர் வீட்டில் மனிதர் தனி. சமைக்க வரும் மாரியாத்தாள் காலையிலேயே எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மதியம் இவரே போட்டுக்கொள்வார். போதும் என்று தோன்றும். தோன்றியதும் கை பழைய பழக்கத்தில் இன்னொரு கரண்டி வைக்கும். தனக்குத் தானே உபசாரம் செய்துகொண்டால் தடுக்க யார் இருக்கிறார்கள்? இப்படியே தின்று தின்று சட்டைப் பொத்தான் பூட்டாமல் போயிற்று, சர்க்கரையும் ஏறிற்று. "பன்னெண்டு கிலோ குறைச்சே ஆகோணுமுங்க, இல்லாட்டி ஊசிதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மெல்போர்னில் இருக்கும் மகள் நந்திதா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மதியம் சாப்பிடும்முன் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வாயில் வைக்க வேண்டும். அப்போது அங்கே அவள் வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் நேரம்.

"ஏனுங்கப்பா, இது ரெண்டு ஆள் சோறு. பாதிய எடுத்துச் சட்டியிலயே போடுங்க. கீரை வேணா இன்னும் வெச்சுக்குங்க."

"அரிசிம்பருப்புச் சோறு கண்ணு. மிச்சம் வெச்சா மாரியாத்தா கோவிச்சுக்குவா."

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். பாதி எடுங்கப்பா."

எடுப்பார். மறுபடி போட்டோ போகும். சரி என்று பதில் வரும். சில நாள் ரயிலில் சிக்னல் கிடைக்காது. சாப்பாடு ஆறி அவலாகிவிடும். கழுவிய கையைத் துடைக்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பசித்தாலும் சலிப்பில்லை. பொய் எதற்கு, விடிந்ததிலிருந்து அந்த நேரத்துக்காகத்தான் இருந்தார். சில நாள் அவளே கூப்பிட்டு, இறங்கும் இடம் வரும்வரை பேசுவாள். பேத்தி நவ்யாவுக்குப் பல் விழுந்த கதையெல்லாம் அந்த ரயிலிலிருந்துதான் வந்தது.

எடை குறைந்தது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நந்திதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சூப்பருங்கப்பா. இனி இதே எடையில நின்னாப் போதும். உங்களுக்கே அளவு தெரிஞ்சு போச்சுல்ல, தெனமும் போட்டோ வேண்டாம். ஞாயித்துக்கிழமை எடை மட்டும் அனுப்பிச்சுடுங்க."

சொன்னபடி கேட்டு நடந்ததற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வேலை, பிள்ளை, வீடு என்று அவளுக்கும் தலைக்குமேல் கிடக்கிறது. நஞ்சுண்டன் இப்போது சரியான அளவுதான் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த ஒரு கரண்டிச் சோறும் தொண்டையில் இறங்க மறுத்தது. டிவியைப் போட்டுப் பார்த்தார், வாசலைப் பார்த்து உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடையைப் படம் பிடித்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொள்ளாச்சியிலிருந்து தங்கை ஒரு மூட்டை தேங்காய் அனுப்பியிருந்தாள். அடுத்த ஞாயிறு காலை எடை மெஷினில் ஏறப்போனவரின் கண்ணில் அந்த மூட்டை பட்டது. எந்தச் சனியன் புத்தியில் வந்து உட்கார்ந்ததோ, ஒரு துணிப்பை நிறையத் தேங்காயை அள்ளித் தோளில் மாட்டிக்கொண்டு மெஷினில் ஏறி நின்றார். படத்தில் கால்விரல்களும் எண்ணும் மட்டும்தான் தெரிந்தன. நாலு கிலோ கூடியிருந்தது. திட்டுவாள், திட்டிவிட்டு நாளையிலிருந்து மறுபடி போட்டோ அனுப்பச் சொல்வாள் என்று பள்ளிக்கூடப் பையன்போலச் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் வீடியோ கால் வந்தது. அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

"அப்பா, காலு வீங்கியிருக்குதா? விரல் வெச்சு அமுக்கிப் பாருங்க, குழி உழுகுதா? மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. கொஞ்சம் சேத்தித் தின்னுபோட்டேன்."

"அம்மாவும் இதையேதானுங்கப்பா சொன்னாங்க."

நஞ்சுண்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையம்மாளுக்கும் ஒரே வாரத்தில்தான் எடை கூடியது. அன்னூரில் தின்ற கல்யாண விருந்து என்று எல்லோரும் கேலி செய்தார்கள்; முதலில் கேலி செய்தவர் இவர்தான். உடம்பில் நீர் கோத்திருக்கிறது, நெஞ்சு வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தேங்காயைத் தோளில் மாட்டியபோது இதில் ஒன்றுகூட அவர் மண்டையில் ஏறவில்லையே, பாவி மனிதர்.

"நான் கெளம்பி வாரேன். டிக்கெட் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். நாளைக்குள்ள அங்க இருப்பேன். நவ்யாவ அவங்க அப்பா பாத்துக்குவாரு. நீங்க அசையாமப் படுத்துக்குங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அம்மாவின் காரியம் முடிந்த பிறகு அவள் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. வாரேன் என்கிறாள். நஞ்சுண்டனின் மனம் வெட்கமில்லாமல் துள்ளியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். டாக்டர் ஒன்றுமில்லை என்பார், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் தோள் குலுங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"கண்ணு, டிக்கெட் போடாத. எடை ஏறல." பையைத் தூக்கிக் காட்டினார். "தேங்காய். இதத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னேன்."

அவளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. "எதுக்குங்கப்பா?"

"நீ தெனமும் பேசுவியேன்னுதான்."

திட்டட்டும் என்று காத்திருந்தார். அவளோ அவர் சொன்ன காரணத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்ப உடம்புக்கு ஒண்ணுமில்லதானுங்களே? சத்தியமா?"

"சத்தியமா."

நந்திதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. "உசுரே போயிடுச்சுங்கப்பா. நல்லவேளை, இன்னும் பணம் கட்டல. அப்ப நான் வரத் தேவையில்லீங்களா?"

"தேவையில்ல கண்ணு," என்றார் நஞ்சுண்டன். "நான் நல்லாத்தான் இருக்கேன்."