வைனோவின் திட்டு

"எஞ்சின நிறுத்துங்க" என்று டலாசா சொன்னபோது நீதிபதியின் படகில் இருந்த யாருக்கும் காரணம் புரியவில்லை. சுற்றிலும் வெறும் நீர். சற்றுத் தள்ளி நீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு வெளிறித் தெரிந்தது.

டோரஸ் நீரிணையின் இந்தத் தீவுக்காரர்கள், கடலும் எங்களுடையதுதான் என்று வழக்குப் போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. சாட்சியைக் கடலிலேயே கேட்க நீதிபதி வந்திருந்தார். எந்த மடுவில் எந்த மீன், எந்தக் காற்றுக்கு ஆமை மேலே வரும் என்று காலையிலிருந்து தீவுக்காரர்களின் சாட்சியான டலாசா தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அரசாங்க வக்கீல் அந்தத் திட்டைக் காட்டிக் கேட்டபோதுதான் வாயை மூடிக்கொண்டாள்.

"அதப் பத்தி நான் பேசக்கூடாது."

"தெரியாதா?"

"நாப்பது வருஷமா அங்க மீன் புடிக்கிறேன். ஆனா அது வைனோ மச்சான் வீட்டுத் திட்டு. அவருதான் பேசணும்."

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ குறித்தார். தீவுக்காரர்களுக்காக வாதாடும் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. டலாசா அதைக் கவனித்தாள். பதினோரு வருடத்தைத் தன் வாயே கவிழ்த்துவிடுமோ? ஆனாலும் அடுத்த வீட்டு அடுப்படியைத் திறந்து காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று வக்கீல் சொன்னார். அதனால்தான் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள்.

"கேக்காம உள்ள போகக்கூடாதுங்க ஐயா."

"இங்க வேலி எதுவும் இல்லையே" என்றார் வக்கீல்.

"எங்களுக்கு இருக்கு."

திட்டின் மேல் அலுமினியப் படகில் வைனோ தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். போன மாதம் ஆமைக்கறிப் பங்கில் சண்டை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. டலாசா எழுந்து நின்று கையை உயர்த்தினாள்.

"மச்சான், வரலாமா?"

"கூட யாரு?"

"ஜட்ஜய்யா."

"இருக்கட்டும். மீன் கடிக்குது. கொஞ்சம் நில்லுங்க."

டலாசாவுக்குச் சிரிப்பு முட்டியது. கூடவே நெஞ்சு நிமிர்ந்தது. முகம் கொடுத்துப் பேசாத மனிதரின் வாசல்தான்; அங்கேயும் நின்று கேட்டாயிற்று. அவளுடைய அம்மாவும் இப்படித்தான் கேட்டிருப்பாள், இதே இடத்தில்.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையமர்த்தினார். குறிப்பேட்டில் டலாசா அனுமதி கேட்டதையும் நேரத்தையும் எழுதினார், திட்டின் பெயரைக் கேட்டு எழுதினார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"காத்திருப்போம்" என்றார்.

நங்கூரம் இறங்கியது. அங்கே வைனோ அவசரமே இல்லாமல் மீனை இழுத்துப் போட்டு, கொக்கியைக் கழற்றி, இரண்டு கைகளையும் கடல்நீரில் கழுவிக்கொண்டிருந்தார்.