திறப்பு விழாவுக்கு வந்தவர்கள்

மபாஸா மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எத்தாளையில், வீட்டுக்குப் பின்னாலிருந்த மிளகாய்த் தோட்டத்தில் அவளுடைய உம்மா றம்லா களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொழும்பு இலக்கம்.

“மபாஸாட அம்மாவா கதைக்கிறீங்க?”

“ஓம்.”

“அம்மா, நான் சுஜாந்தி. யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில இருந்து எடுக்கிறன். நானும் சிலாபத்து ஆள்தான். மபாஸாக்கு ஒப்பரேசன் செய்த டொக்டர் மிஸ்ஸ ஞாபகம் இருக்கா?”

மறக்க முடியுமா? மபாஸா இருதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். நாலு எட்டு நடந்தால் குந்திவிடுவாள். உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுக்கும். ஏழு வயதில் அந்த ஆஸ்பத்திரியில்தான் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளை ஓடக் கற்றுக்கொண்டது.

“சின்னப் பிள்ளைகளுக்கெண்டு புது இருதயப் பிரிவு கட்டி முடிச்சிட்டம் அம்மா. அடுத்த மாசம் திறப்பு விழா. ரிபன் வெட்டுறது மபாஸாதான் எண்டு மிஸ் சொல்லிட்டா. கூட்டிக்கொண்டு வருவீங்கதானே?”

றம்லா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒரேயொரு வசனம். அது தொண்டையைத் தாண்டவில்லை.

“இப்ப எத்தினையாம் வகுப்பு?” என்று சுஜாந்தி கேட்டாள்.

“அஞ்சாம் வகுப்பு.”

“அப்ப இந்த வருசம் ஸ்கொலர்ஷிப் சோதினை! படிக்கிறாவா, விளையாட்டுத்தானா?”

“சைக்கிள்லதான் புத்தி முழுக்க,” என்றாள் றம்லா. “மதரசாவுக்கும் சைக்கிள்லதான் போவா.”

மறுமுனையில் சுஜாந்தி சிரித்தாள். விழாவுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கப்போவதாகவும் பிள்ளையின் அளவு வேண்டும் என்றும் சொன்னாள். பெருநாளுக்குத் தைக்கவென்று எடுத்த அளவு றம்லாவுக்கு மனப்பாடம். தோள், கை, இடுப்பு, நீளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். “கொஞ்சம் நீளமா வைங்க, வளர்ற புள்ள,” என்றும் சொன்னாள்.

தொலைபேசியை வைத்த பிறகு, பாத்தியின் நடுவில் அப்படியே இருந்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. இந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சபூர் செய்யச் சொன்னார்கள், பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அல்லாஹ் தந்தான், அவனே எடுத்துக்கொண்டான் என்றார்கள். பிள்ளை என்ன வகுப்பு, என்ன உயரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் அவளுக்கு விட மனம் வரவில்லை.

மாரி மழையோடு வந்த காய்ச்சல் அது. முதல் நாளே கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து அம்புலன்சில் புத்தளம். டெங்கு என்றார்கள். தாதிமார் கட்டிலை விட்டு அசையவில்லை. டொக்டர்மார் மாறி மாறி வந்தார்கள். ஆனாலும் இரத்த அழுத்தம் விழுந்தபோது தைத்துச் சரிசெய்த இருதயம் தாங்கவில்லை. ஒருவரிலும் குற்றம் இல்லை. றம்லாவுக்கு அதுவே பெரிய பாரமாக இருந்தது. கோபப்படவும் ஆள் இல்லை.

அவளுடைய கணவன் முபாரிஸுக்கு விழாச் செய்தி வேறு வழியால் போய்ச் சேர்ந்தது. அவன் களப்பில் இறால் பிடிக்கிறவன். வள்ளத்தைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது றம்லாவின் தம்பி றிஸ்வி வந்து தொலைபேசியை நீட்டினான். ஆஸ்பத்திரியின் முகநூல் பக்கம். ‘செய்திகளும் வரவிருக்கும் நிகழ்வுகளும்’ என்று மும்மொழியிலும் தலைப்பு. கீழே படம் முழுக்க மபாஸா. ஆஸ்பத்திரி வாட்டுக் கட்டிலில் இருந்துகொண்டு, டொக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைக் கழுத்தில் போட்டு, முன்பல் விழுந்த இடம் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் றம்லா, முக்காட்டைப் பிடித்தபடி.

“ஊருல கனபேர் பார்த்துட்டாங்க மச்சான்,” என்றான் றிஸ்வி. “பாவம், அவங்களுக்குத் தெரியா போல.”

முபாரிஸ் வீட்டுக்கு வந்தபோது அவன் கால்களில் சேறு காயவில்லை.

“புள்ளேட போட்டோவப் போட்டிரிக்காங்க. நீ ஒண்டும் செல்லல்லயா?”

“கோல் எடுத்தாங்க.”

“நீ என்ன செண்ண?”

றம்லா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். “வாறம் எண்டு செண்ண.”

“யாரு வார? எங்கேந்து கூட்டிட்டுப் போற?” அவன் குரல் உயர்ந்தது. “மையத்துக்கு மண் போட்டது நான். என்ட கையால!”

“எனக்குத் தெரியாதா அது?” என்றாள் றம்லா. “எத்தின வகுப்பு எண்டு கேட்டா. சட்டைக்கு அளவு கேட்டா. நான் செண்ண. அவ்வளவுதான்.”

முபாரிஸ் அந்த இலக்கத்தை வாங்கி அழைத்தான். எடுத்தவுடன் சுஜாந்தி, “மபாஸாட வாப்பாவா? சட்டை தைச்சு முடிஞ்சுது, அவ்வளவு வடிவு! வேன் அனுப்பவா?” என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

அவன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். சுவரைப் பார்த்தான். “வேணாம் மிஸ்,” என்றான். “பஸ்ஸில வாறம்.”

வைத்துவிட்டு மனைவியின் பக்கத்தில், அவள் இருந்த பலகையிலேயே இருந்தான். அதற்குப் பிறகு அவளை அவன் ஏசவில்லை. காலில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு சொன்னான்: “போனில ஏலாது. முகத்தப் பார்த்துத்தான் செல்லோணும்.”

விழா நாளன்று விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டார்கள். 

ஆஸ்பத்திரி வாசலில் வாழையும் தென்னோலைச் சோடனையும் கட்டியிருந்தார்கள். புதுக் கட்டடத்தின் இரண்டு மாடி உயரத்துக்கு மபாஸா தொங்கிக்கொண்டிருந்தாள். காற்று அடிக்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கி விரிந்தது. றம்லா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். முபாரிஸ் அவளுடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

அலுவலக அறையில் நின்ற சுஜாந்தி, அவர்கள் நினைத்ததைவிட இளம் பெண்ணாக இருந்தாள். சேலையில் குத்திய பூ, கையில் ரிபன் சுருள். ஓடி வந்து றம்லாவின் கையைப் பிடித்தாள். பிறகு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“எங்க கதாநாயகி? வெளியில நிக்கிறாவா?”

“மிஸ்,” என்றான் முபாரிஸ். “மகள் மௌத்தாயிட்டா. டெங்கு வந்து. மூணு மாசமாகுது.”

சுஜாந்தியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவள் கதிரையில் இருந்துவிட்டாள். “நான் உங்களிட்ட எவ்வளவு கேட்டன்,” என்றாள். “கடவுளே, என்னெல்லாம் கேட்டன்.”

“நீங்க கேட்டது எனக்கு நல்லா இருந்திச்சு மகள்,” என்றாள் றம்லா.

அலுமாரிக் கதவில் அந்த வெள்ளைச் சட்டை கொழுவியிருந்தது. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன நீலப் பூக்கள். றம்லா கிட்டப் போய் அதன் தோளைச் சாண் வைத்து அளந்தாள். கையை அளந்தாள். கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். வளர்ந்தால் பிரித்துவிட உள்ளே துணி மடித்து வைத்துத் தைத்திருந்தார்கள். அதைக் கண்டதும்தான் அவள் உடைந்தாள். சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். முபாரிஸ் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

டொக்டர் மிஸ்ஸை யாரோ கூட்டி வந்தார்கள். நரைத்த தலை, விழாவுக்கு உடுத்த பட்டுச் சேலை. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். றம்லாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“எனக்குச் சொல்லுங்க அம்மா. எல்லாம் சொல்லுங்க. மெதுவா.”

றம்லா சொன்னாள். காய்ச்சல் தொடங்கிய காலையிலிருந்து, புத்தளத்தில் கடைசியாக மபாஸா தண்ணீர் கேட்டது வரைக்கும். விளங்காத இடங்களில் சுஜாந்தி சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் இடையில் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். முடிந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பிள்ளையின் இருதயத்தை நான் கையில் பிடிச்சன்,” என்றார். “நான் நினைச்சன், அவ கலியாணத்துக்கு நான் வருவன் எண்டு.”

வெளியே ஒலிபெருக்கியைச் சோதிக்கும் சத்தம் கேட்டது. பிரதம விருந்தினர் வந்துகொண்டிருப்பதாக ஒருவர் வந்து சொன்னார். டொக்டர் அவரைப் போகச் சொன்னார்.

“படத்தை இறக்கவா?” என்று கேட்டார்.

“இறக்குங்க மிஸ்,” என்றான் முபாரிஸ்.

“இண்டைக்கு மட்டும் இரிக்கட்டும்,” என்றாள் றம்லா.

முபாரிஸ் அவளைப் பார்த்தான். பிறகு தலையசைத்தான்.

விழாவில் முன்வரிசையில் இருக்கச் சொன்னார்கள். றம்லாவால் முடியவில்லை. வாட்டுப் பக்கம் போகும் நடைவழியில் ஒரு வாங்கு கிடந்தது. அதில் போய் இருந்தாள். முபாரிஸ் தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கடைக்குப் போனான். அப்போது வாட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து அவளையே உற்றுப் பார்த்தாள். மெலிந்த உடல், கழுத்தில் செபமாலை.

“நீங்க அந்தப் படத்தில இருக்கிற பிள்ளேட அம்மாதானே?” என்று கேட்டாள். “கண்டவுடனே பிடிச்சிட்டன். நான் அஜித்தா, கற்பிட்டிப் பக்கம் உச்சமுனை. என்ட மனுசன் கடல் தொழிலுக்குப் போயிட்டார், நான்தான் தனிய நிக்கிறன். என்ட மகளுக்கு நாளைக்கு இதே ஒப்பரேசன். வந்த நாளில இருந்து உங்கட பிள்ளேட படத்தப் பார்த்துத்தான் அக்கா மனசத் தேத்துறன். இப்ப எப்பிடி இருக்கிறா? நல்லா இருக்கிறாவா?”

விழா மேடையிலிருந்து யாரோ சிங்களத்தில் பேசுவது காற்றோடு வந்து போனது. றம்லா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். நித்திரையில்லாத கண்கள். இரண்டரை வருடத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் அவள் பார்த்த கண்கள்.

“ஒப்பரேசன் நல்லாப் போனிச்சு,” என்றாள். “அத நினைச்சுப் பயப்படாதீங்க. ஒரு மாசத்தில எழும்பி நடந்தா. பிறகு ஓடினா. சைக்கிள் ஓடினா. களப்பில இறங்கி வாப்பாவோட வல இழுத்தா. நான் வேணாம் எண்டு கத்துவன், கேக்க மாட்டா.”

அஜித்தா சிரித்தாள். “கூட்டி வந்திருக்கிறீங்களா? என்ட மகளுக்கு ஒருக்காக் காட்டோணும்.”

இப்போதும் அந்த ஒரு வசனம் தொண்டையில் வந்து நின்றது. இந்தத் தடவை றம்லா அதை விழுங்கவில்லை.

“இல்ல தங்கச்சி. மகள் இப்ப இல்ல. டெங்குக் காய்ச்சல் வந்து மௌத்தாயிட்டா.”

அஜித்தாவின் கை செபமாலைக்குப் போனது.

“ஒப்பரேசனால இல்ல,” என்று றம்லா அவளுடைய மற்றக் கையைப் பிடித்தாள். “நான் உங்களுக்குப் பொய் செல்லல்ல. ரெண்டு வருசம் ஒரு நோயும் இல்லாம இருந்தா. அந்த ரெண்டு வருசமும் இந்த மிஸ் தந்தது. நீங்க செய்ங்க. யோசிக்காம செய்ங்க.”

அஜித்தா வாங்கில் அவளை ஒட்டி இருந்தாள். தூரத்தில் கைதட்டல் எழுந்தது. ரிபன் வெட்டிவிட்டார்கள். யார் வெட்டியது என்று றம்லா பிறகும் கேட்கவில்லை.

“அக்கா,” என்றாள் அஜித்தா. “நாளைக்கு நிப்பீங்களா? எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியா.”

றம்லா நின்றாள். முபாரிஸ் பக்கத்துப் பள்ளிவாசலில் தங்கினான். அடுத்த நாள் காலை அஜித்தாவின் மகள், ஆறு வயது மரிஸ்டெல்லாவை ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அஜித்தா செபமாலையை உருட்ட, றம்லா வாய்க்குள் ஓதினாள். சாப்பிடக் கொண்டுவந்த பாணை இருவரும் தொடவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் இருவரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இருந்தார்கள்.

பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குப் பிறகு டொக்டர் மிஸ் வந்தார். “நல்லா இருக்கு,” என்றார் அஜித்தாவிடம். “பிள்ளை நல்லா இருக்கு.” பிறகு றம்லாவைப் பார்த்தார். அவள் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

அஜித்தா றம்லாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். றம்லாவும் அவளை இறுகப் பிடித்தாள். சந்தோசம் உண்மையாகவே வந்தது. அதன் பின்னாலேயே, நெருப்புப் போல வேறொன்றும் வந்தது. அஜித்தா மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கியதும் றம்லா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். முபாரிஸ் வந்து தேடிக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

பஸ் பாலாவியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உப்பளத்தில் தேங்கிய தண்ணீர் சிவந்து கிடந்தது.

“அந்தப் புள்ளேட உம்மாக்கு என்ன செண்ண?” என்று முபாரிஸ் கேட்டான்.

“ரெண்டு வருசம் நல்லா இருந்தா எண்டு செண்ண. மிஸ் தந்த ரெண்டு வருசம் எண்டு.”

முபாரிஸ் யன்னல் பக்கம் பார்த்தான். “ஓம். தந்தாங்கதான்.” முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: “ரெண்டு வருசம் போதுமா? காணாது, றம்லா.”

“காணாது,” என்றாள் றம்லா.