வெற்றிலை அடக்கிய கன்னம்

மேற்கே போடிமெட்டின் முடிகளைத் தழுவிக் கிடந்த வெண்பனி இளவெயில் பட்டு மெல்லக் கலைய, ஏலச்சரிவுகளிலிருந்து இறங்கிய குளிர்காற்று போடிநாயக்கனூரின் தெருக்கள்தோறும் நறுமணம் பரப்பிய காலைப்பொழுதில், பிறவியிலேயே பார்வையற்ற சூர்யகலா, தன் விரல்நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தவாறு வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தாள்.

நற்றமிழ் நயந்தோரே, அவள் கவலையைக் கேளுங்கள். கணவன் சோலைமலையின் முகத்தை அவள் கண்டதெல்லாம் விரல்களால்தான். ஏலத்தோட்ட வேலை முடித்து வந்தவனின் நெற்றியையும் புருவத்தையும் தாடையையும் நாள்தோறும் வருடி அறிந்திருந்தாள். காய்ச்சல் அவனைக் கொண்டுபோய் ஈராண்டு கழிந்தபின், அந்நினைவு விரல்களை விட்டு நழுவத் தொடங்கியது. ஒருவனை இருமுறை இழப்பதா என்று அவள் உள்ளம் நடுங்கியது.

எஞ்சியிருந்ததோ ஒரே ஒளிப்படம். அரசு அடையாள அட்டையில் இருந்ததோ முகமே தெரியாத, கரிபூசிய நிழல்; அது எதற்கும் உதவவில்லை. அந்த ஒற்றைப் படத்திலும் சோலைமலை முகத்தைத் திருப்பி மலைச்சாலையைப் பார்த்து நின்றதால் வலக்கன்னம் மறைந்துபோயிருந்தது. ஆயினும், கணினியில் பட ஆய்வு கற்ற அவள் தம்பி மனோஜ் தளரவில்லை. முகத்தின் இருபாதிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், படத்தை இடம்வலமாக மாற்றினால் மறுபுறத்திலிருந்து எடுத்த இன்னொரு படம் கிடைத்ததற்கு ஒப்பாகும். இரண்டையும் பொருத்தி, மூக்கு எவ்வளவு உயர்ந்தது, கண் எவ்வளவு ஆழ்ந்தது என்று கணித்துவிடலாம். அவ்வாறே கணித்து, அச்சு வார்த்து, அதில் களிமண் அழுத்தி எடுத்த ஈரமுகத்தை அன்று தமக்கையின் மடியில் வைத்தான்.

விரல்கள் நெற்றியில் இறங்கின, புருவத்தில் தயங்கின, மூக்கைத் தொட்டதும் அவள் இதழ் துடித்தது. கன்னங்களுக்கு வந்ததும் கை நின்றது.

"இது அவரு இல்லடா, தம்பி."

மனோஜின் முகம் வாடியது. அவளோ மீண்டும் தடவினாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏன்டா, ரெண்டு பக்கமும் வெத்தலைய அடக்கி வச்சிருக்க? இப்படி அடக்குனா மனுசன் எப்படிப் பேசுவாரு? அவரு எடக்கன்னத்துல மட்டுந்தேன் அடக்குவாரு!"

மனோஜ் படத்தை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மலைக்குளிருக்கு வெற்றிலை அடக்கிய கன்னமே படத்தில் தெரிந்தது. சமச்சீர்மை அந்தப் புடைப்பையும் பிசகாமல் மறுகன்னத்துக்கு வழங்கியிருந்தது.

"வெரசா சரி பண்ணிக் கொண்டாறேன்க்கா."

"வேணாம். அந்தச் சோலிய நானே பாக்குறேன்."

ஈரம் காயாத வலக்கன்னத்தில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள். எவ்வளவு அழுத்துவது என்று அவ்விரல் யாரையும் கேட்கவில்லை. தான் மறக்கவில்லை என்றறிந்த கணத்தில் அவள் கண்களில் மகிழ்ச்சிக் கண்ணீர் பெருகியது.

ஒத்திருந்தவற்றையெல்லாம் கணக்கு மீட்டுத் தந்தது. ஒவ்வாதிருந்த ஒன்றை அவள் விரல் காத்து வைத்திருந்தது. வெற்றிலைக் கன்னத்தை மட்டும் தொடாமல் விட்டு, அம்முகத்தை அவள் காலை வெயிலில் உலர வைத்தாள்.