பாறை சாய்ந்த பக்கம்

“கல்லு என்ன ரொட்டி மாவா புள்ள, வளையறதுக்கு?”

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நல்லமுத்து வாத்தியார் அப்படிக் கேட்டபோது சண்முகவடிவுக்குப் பத்து வயது. மஸ்கெலியா ரோட்டோரப் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் வரிகள் ஏன் நெளிந்திருக்கின்றன என்றுதான் அவள் கேட்டிருந்தாள். வகுப்பே சிரித்தது. வாயில்லாப் பூச்சியான அவள் அதன்பின் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை; கொழுந்துக் கூடைதான்.

ஆனால் கேள்வியை விடவில்லை. வெள்ளைக் கோதுமை மாவையும் கறுத்த குரக்கன் மாவையும் அடுக்கடுக்காகத் தட்டி, இரண்டு பக்கமும் நெருக்கினாள். அடுக்குகள் அந்தப் பாறையைப் போலவே நெளிந்து எழும்பின.

“திங்கிற மாவுல என்னடி வெளையாட்டு?” என்று அம்மா அழகம்மா முதுகில் ஒன்று வைத்தாள். வடிவு அந்த நெளிவை அப்படியே பள்ளிக்கூடக் கொப்பியில் வரைந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். ஏழு வருடத்தில் கொப்பி நான்காயிற்று.

அந்த வருட மழையில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் இடிந்தது. புது லயத்துக்கு அதே பாறையடியில் முளை அடித்தார்கள். வரிசையில் முதல் அறையான முதல் காம்பரா வடிவின் வீட்டாருக்கு. வடிவு மருந்துப் போத்தலில் பாதித் தண்ணீர் எடுத்துப்போய்ப் பாறை அடுக்கின்மேல் படுக்கவைத்தாள். தண்ணீர் மட்டமாக நின்றது. போத்தலோ முளை அடித்த பக்கமாகச் சரிந்து கிடந்தது. ஒன்பது இடத்தில் வைத்துப் பார்த்தாள்; ஒன்பதிலும் அப்படியே. அடுக்குகளுக்கு நடுவே விரல் நுழையும் வெடிப்பு, அதில் ஈரம்.

மறுநாள் காலை முளைகளை எல்லாம் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வந்தவர் நல்லமுத்துதான். இப்போது அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை; ஆள் பதிவும் லயம் கட்டுவதும் அவர் பொறுப்பு.

“முளையப் புடுங்குனது யாரு?”

“நான்தாங்கய்யா.”

அழகம்மா பதறி ஓடிவந்தாள். “புத்தி கெட்டதுங்கய்யா, மன்னிச்சிருங்க!”

“பேர வெட்டிருவேன். அப்புறம் வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல!”

வடிவு நகரவில்லை.

“வெட்டுங்கய்யா. இதப் பாத்துட்டு வெட்டுங்க. அடுக்கு நம்ம பக்கமாச் சாஞ்சிருக்கு, நடுவுல தண்ணி எறங்குது. இன்னொரு மழைக்கு மேல் அடுக்கு வழுக்கி எங்க தலையிலதான் விழும். ஓடைக்கு அந்தப் பக்கம் அடுக்கு மலைக்குள்ள சாயுது. அங்க கட்டுங்க. இங்க கட்டுனா நாங்க குடிவர மாட்டோம்.”

“பாறை வழுக்குமாம்ல! எவ சொன்னா?”

“வழுக்கும். வளையவும் வளையும். நீங்க சொல்லித் தரலீங்க, நானே பாத்துக்கிட்டேன்.”

போத்தலை நீட்டினாள். அவர் வெடுக்கென்று பிடுங்கி, பாறையில் தானே வைத்துப் பார்த்தார். இன்னோர் இடத்தில் வைத்தார். மூன்றாவது இடத்தில் வெடிப்புக்குள் விரலை விட்டு, ஈரத்தைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு கூடையிலிருந்த முளைகளை அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓடையைத் தாண்டிப் போனார்.