அன்புப் பிள்ளை

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து அச்சகமொன்றில் மரண அறிவித்தல்களைத் தட்டெழுதுவது ருஷ்தாவின் வேலை. அன்று காலை நாகேந்திரம் நீட்டிய தாளில் எல்லாம் வழக்கப்படியே இருந்தது. நாகேந்திரம், காலஞ்சென்ற கௌரி தம்பதியரின் அன்பு மகனும், சுபோதினியின் பாசமிகு சகோதரனும். பெயர் கீர்த்திவாசன், வயது இருபத்தொன்பது. டெங்குக் காய்ச்சல், ஐந்தே நாள்.

கூட வந்த ஷெரோமி தாளை எட்டிப் பார்த்தாள். வீட்டைவிட்டு வெளியேறிய கீர்த்திக்குக் கிருலப்பனையில் தன் வீட்டில் இடம் கொடுத்தவள்.

“அங்கிள், மகன் எண்டு போடாதேங்கோ.”

“அப்ப மகள் எண்டு போடட்டோ? சனம் என்ன கதைக்கும்?”

“கீர்த்தி அதையும் கேக்கேல்லயே. உங்களுக்கு எழுதினது ஞாபகம் இல்லையா?”

நாகேந்திரம் கைபேசியை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய செய்தி அழிக்கப்படாமல் இருந்தது. ‘அப்பா, மகனும் வேண்டாம், மகளும் வேண்டாம். பிள்ளை எண்டு சொன்னால் போதும். நான் வீட்டுக்கு வாறன்.’ அதன் கீழே பதில் ஏதும் இல்லை.

“வாசிச்சனான்,” என்றார். “என்ன எழுதுறதெண்டு தெரியேல்ல. நாளைக்கு எழுதுவம் எண்டு விட்டிட்டன்.”

ருஷ்தா ‘அன்புப் பிள்ளையும்’ என்று தட்டினாள். அடுத்த வரியில் அவளது கை நின்றது.

“சகோதரனுக்குப் பதிலா உடன்பிறப்பு எண்டு போடலாம், அங்கிள்.”

அவர் தலையாட்டினார். பிறகு பேனாவை வாங்கி, பெயரில் ‘வாசன்’ என்பதைத் தானே வெட்டினார். ‘கீர்த்தி’ மட்டும் மிஞ்சியது.

மறுநாள் செத்தவீட்டில் அவருடைய அண்ணன் அறிவித்தலோடு வந்தார்.

“பிழையா அடிச்சுப்போட்டாங்கள் போல.”

“பிழை இல்லை அண்ணை. நான்தான் சொன்னனான்.”

அண்ணன் அதன்பிறகு அவரோடு பேசவில்லை. படலைக்கு வெளியே நின்ற ஷெரோமியைச் சுபோதினி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பெட்டியருகே தனக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

மயானத்தில் ஊழியர் ஒருவர் சிங்களப் படிவமொன்றை நீட்டினார். அதில் ‘ஆண்’ என்று ஏற்கெனவே அடையாளம் இட்டிருந்தது. நாகேந்திரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இன்னொரு வீட்டார் தங்கள் பெட்டியோடு காத்திருந்தார்கள்.

அவர் கையெழுத்து வைத்தார்.