நண்டுப் பானை

வார்விக் ஹல்லம் என் மீன் கடைக்குள் வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதன்முதலாக உப்புநீர்த் தொட்டி வைக்கிறவன், மஞ்சள், நீலம், ஊதா, சிவப்பு என்று எல்லா நிறத்திலும் இன்றைக்கே பிடித்துப் பையில் போடு என்றான். ஆலைக்குக் கரும்பு இழுத்து வரும் ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவன். பெட்டி மாட்டுவது போல மீன்களையும் வரிசையாக மாட்டிவிடலாம் என்ற நினைப்பு.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி நெரிடாவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. மூக்கில் குழாயோடு படுக்கையில் இருக்கிறாள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவளை இனி கடல் பக்கம் கூட்டிப்போக முடியாது. அவள் கண்ணைத் திறந்தால் எதிரே நிறம் அசைய வேண்டும் என்றான். அதைக் கேட்டபின் என் குரல் கொஞ்சம் தணிந்தது.

அழகான மீனைப் பொறுக்க யாருக்கும் தெரியும். ஒன்றையொன்று தின்னாத மீனைப் பொறுக்குவதுதான் வேலை. சாதுக்கள் முதலில், சண்டைக்காரன் கடைசியில். கோமாளி மீன் ஒரு ஜோடி, நெருப்பு வால் மீன் ஒன்று, மணலைக் கிளறும் மஞ்சள் குட்டி ஒன்று. இவை போதும், இவை நன்றாகத் தேறிய பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றேன். அவன் கண்ணோ ஊதா மீனிலேயே இருந்தது. விரல் நீளம்கூட இல்லாத அது, தொட்டி முழுவதும் தன் பெயரில் பட்டா என்று நினைத்துக்கொள்கிற ஜாதி.

"அம்மணி, நெரிடாவுக்கு ஊதான்னா உசுரு," என்றான்.

"யோவ், அதை இப்ப விட்டா மத்ததுக்கெல்லாம் உசுரு போயிடும். தனியா இருந்தா தங்கமா இருக்கும். கூட ஆள் வந்தாத்தான் வம்பு. கடைசியா வாங்கிக்க."

முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் சொன்னபடி செய்தான். நெரிடா மீன்களுக்குத் தன் தங்கைகளின் பெயர்களை வைத்திருக்கிறாள், மூன்று வாரமாகச் சாப்பாடு உள்ளே இறங்குகிறது என்று போனில் சொன்னான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். நெருப்பு வால் காணாமல் போய்விட்டதாம். அடுத்த வாரம் மஞ்சள் குட்டியும் போனது. கோமாளிகள்தான் தின்றிருக்கும் என்று அவன் தீர்ப்பே எழுதிவிட்டான். தொட்டிக்குள் புதிதாக என்ன போட்டாய் என்று கேட்டேன். இறால் படகில் வேலை செய்யும் நண்பன் வலையில் ஒரு பாறை வந்ததாம், தேங்காய் அளவு. வெறுமையாக இருக்கிறதே என்று உள்ளே வைத்தானாம். நடுநடுவே 'டக், டக்' என்று சத்தம் வருகிறது, கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று நெரிடா பயப்படுகிறாள் என்றான்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாறைப் பொந்துக்குள் ஒரு இறால் ஒளிந்திருக்கும், கை சுத்தியல் மாதிரி. ஒரே அடிதான், மீன் காலி என்றேன். ஆனால் போனில் அவன் காட்டிய படத்தைப் பார்த்ததும் இறாலை மறந்துவிட்டேன். பாறை முழுக்கப் பழுப்புப் பித்தான்கள் தைத்தது போல ஒரு வகைப் பவள உயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பித்தான்களுக்குள் இருப்பது விஷம், வெறுங்கையால் தொடாதே, கையுறை போட்டு வாளியில் எடுத்து மூடி முற்றத்தில் வை, சனிக்கிழமை நானே வந்து எடுத்துப் போகிறேன் என்றேன். தலையாட்டினான்.

"கடல்லேர்ந்து வந்த எதுவும் என் நண்டுப் பானைகிட்ட ஜெயிச்சதில்ல, அம்மணி," என்று சிரித்தான். நண்டு வேகவைக்கும் பானையைச் சொல்லி வீம்பு பேசுகிறான் என்று நானும் சிரித்துவைத்தேன்.

சனிக்கிழமை எங்கள் ஊர் இன்னிஸ்ஃபெயிலில் மழை பிய்த்து உதறியது. ஆற்றுப் பாலத்துக்கு மேலே தண்ணீர். வர முடியாது என்று சொல்லப் போன் செய்தேன். நெரிடாதான் எடுத்தாள். வார்விக் எங்கே என்றேன்.

"பின் வராந்தால இருக்கான். மழை அடிக்குதுன்னு திரையெல்லாம் இறக்கிட்டு அடுப்புல பானைய ஏத்திருக்கான். வாசனைதான் நண்டு வாசனையா இல்ல."

எங்கள் ஊர் வீடுகளில் கடலிலிருந்து வந்த எதற்கும் கடைசி வழி அந்தப் பானைதான். இறாலைக் கொல்ல அந்தப் பாறையை அதில் போட்டுவிட்டான். நண்டு சாகும், இறாலும் சாகும். பித்தான்களின் விஷம் மட்டும் வெந்நீரில் சாகாது. ஆவியோடு ஏறி மூச்சுக்குள் போகும். பாதி நுரையீரல்காரி அடுத்த அறையில் படுத்திருக்கிறாள்.

"நெரிடா, உன் அறைக் கதவு சாத்தியிருக்கா?"

"ஏசி ஓடுது, சாத்தித்தான் இருக்கு."

"திறக்காதே. கதவுக்கு அடியில துணிய அடை. அவனைக் கத்திக் கூப்பிடு. அடுப்ப விட்டுட்டு மழைக்குள்ள ஓடச் சொல்லு."

இருந்த மூச்சையெல்லாம் திரட்டி அவள் கத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் போனில் எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா. வாயெல்லாம் இரும்ப நக்குன மாதிரி இருக்கு. செத்த உக்காந்துட்டு வரேன்."

அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. கடைப் போனில் நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பாலம் மூழ்கியிருந்ததால் அவர்கள் மலைப்பாதையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. அதுவரை கதவைத் திறக்காதே, திறக்காதே என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டிய கணவன் கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கும்போது ஒருத்தியிடம் அப்படிச் சொல்வதைவிடக் கொடுமை வேறு இல்லை. அவள் திறக்கவில்லை. அதனால் பிழைத்தாள். வார்விக் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத் தொட்டியைப் பார்க்கப் போனேன். கோமாளி ஜோடி தன் மூலையில் உரசிக்கொண்டு திரிந்தது. நெரிடா அவற்றைப் பார்க்காமல் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள்.

"இந்த ஜோடிய எடுத்துட்டுப் போயிடு, லோர்னா," என்றாள். "அந்த ஊதாவக் கொண்டு வா. அது தனியா இருந்தா தங்கமா இருக்கும்னு சொன்னியாமே."

ஜோடியை எடுத்துவந்து, மறுநாள் ஊதாவைக் கொண்டுபோய் விட்டேன்.