கோடு வரை தண்ணீர்

கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் வலது ஓரத்தில் கமலக்கண்ணன் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தார். இரும்பு ஸ்கேல் வைத்து, இரண்டு முனையிலும் அளந்து பார்த்து, நூல் அளவுகூடச் சாயாமல் போட்ட கோடு. சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தரச் சோதனையில் இருந்தவர்; கோடு போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் காலையில் அந்தக் கோடு வரை தண்ணீர் நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி ஜெயமணியின் வேலை. அன்றைக்குப் புதன்கிழமை, அவர் டயாலிசிஸுக்குப் போயிருந்தார். ரோஜாத் தோட்டத்து பேக்கிங் ஷெட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் சொம்பும் கையுமாகத் தொட்டியண்டை குனிந்தபோது மணலில் ஒரு நத்தை மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். விளக்குமாற்றுக் குச்சியால் அதை நிமிர்த்தி வைத்தாள். அது ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் இல்லை, நகரவும் இல்லை. தூங்குகிறதாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோடு வரை ஊற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவர் கிட்னி இரண்டும் கைவிட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம், அதிலேயே காபியும் ரசமும் அடக்கம். உப்பு என்றால் பெயருக்குக் கொஞ்சம். முதல் ஏழெட்டு மாதம் கமலக்கண்ணன் இதையும் ஒரு தரச் சோதனை மாதிரிதான் எடுத்துக்கொண்டார். பாட்டிலில் அளந்து குடித்தார், எடை பார்த்து எழுதினார். பிறகு ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆட்டோ வந்து வாசலில் நிற்க, சட்டையைப் போடாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "போதும் ஜெயா" என்றார், அவ்வளவுதான். அடுத்த முறையும் போகவில்லை. மூன்றாவது நாள் நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சு விட முடியாமல் கண் செருகியவரை ஆட்டோக்காரர் திம்மராயன் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்து வந்தவர் யாரோடும் பேசவில்லை. ஜெயமணிக்குச் சர்க்கரை, அவள் கிட்னி ஆகாது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தர்ஷினி தருகிறேன் என்று அழுதாள். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சேலத்துக்குப் போய், மூளைச்சாவு அடைந்தவர்களின் கிட்னிக்குப் பெயர் பதிந்து வைத்தால் என்றைக்காவது ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்றார் டாக்டர். "எவனோ சாவணும்னு நான் போனையே பாத்துனு உக்காந்திருக்கணுமா?" என்று அதையும் தட்டிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் தொட்டி வந்தது. டயாலிசிஸ் படுக்கையில் அப்பா போனில் கடலுக்கடியில் பவளம் அசைவதையே மணிக்கணக்காகப் பார்க்கிறார் என்பதைக் கவனித்தது தர்ஷினிதான். பாகலூர் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கும் வெங்கட்டைப் பிடித்து, நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, கல், வெள்ளை மணல், உப்புப் பொட்டலம், நீல விளக்கு, தண்ணீரைச் சுழலவிடும் சின்ன மோட்டார் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கடலுக்கும் ஓசூருக்கும் நடுவே எத்தனை மலை இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

"பராமரிப்பே கெடையாதுக்கா. மீனு வேணாம். நத்தை நாலு, ஒரு நண்டு, மெத்துன்னு இருக்கற பவளம் மட்டும். வாரத்துக்கு ஒருவாட்டி நாலு லிட்டர் மாத்தினா போதும், மத்தபடி சும்மா பாத்துனு இருக்க வேண்டியதுதான்" என்றான் வெங்கட்.

பராமரிப்பே இல்லாத அந்தத் தொட்டியைக் கமலக்கண்ணன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொண்டார். முதல் ஒரு மாதம் உள்ளே உயிரே கிடையாது. கல்லும் தண்ணீரும் பக்குவப்பட வேண்டுமாம். வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை ஜெயமணி அப்போதுதான் பார்த்தாள். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதினார். சோற்றில் கல் உப்புக்குக் கொடுத்துவைக்காதவர் தொட்டிக்கு உப்பைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கரைத்தார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் ஆட்டோ வந்தால் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவளுக்கு அது போதும்.

பவளத்தைக் கொண்டுவந்து வெங்கட் பசை வைத்து ஒட்டிய நாளில்தான் அவர் அதைச் சொன்னார். பொத்தான் அளவு வட்டத் துண்டில் பச்சையாக ஏழெட்டு மொட்டு. சுற்றிலும் இதழ் மாதிரி விரல்கள்.

"இது இந்த வட்டத்த தாண்டி கல்லு மேல ஏறணும் ஜெயா. தானா ஏறி ஒட்டிக்கணும். ரெண்டே மொட்டு ஏறிடுச்சின்னா வெச்சிக்கோ, நான் சேலத்துக்குப் போயி பேரக் குடுத்துட்டு வரேன்."

வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, ஜெயமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமையே மலையேறி, கடலையே பார்த்திராத சந்திரசூடேஸ்வரரிடம் பவளத்தைக் காப்பாற்றச் சொல்லி நெய் விளக்குப் போட்டாள். அப்புறம் தன் பங்குக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தாள்.

அவருக்கு ஊசி குத்தும் கையால் கனம் தூக்கக் கூடாது. அதனால்தான் தண்ணீர் வேலை அவளிடம் வந்தது. அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "உப்பு எங்கயும் போவாது, தண்ணி மட்டுந்தான் ஆவியாப் போவும். அதனால கேன் தண்ணி மட்டும் ஊத்து. குழாத் தண்ணி வேணாம், போருத் தண்ணி வேணாம். கோடு வரைக்கும்." கேன் தண்ணீரில் ஒன்றுமே கிடையாது, சோதித்தால் சுழியம் காட்டும் என்று வெங்கட் பெருமையாகச் சொன்னான். கல் மட்டும் கிடந்த வரை அவள் கேனிலிருந்தே ஊற்றினாள். உயிர் வந்த பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. சத்தே இல்லாத தண்ணீரை ஒரு உயிருக்குக் குடிக்கக் கொடுப்பதா?

சமையலறை மூலையில் செப்புக் குடம் இருந்தது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பாள். இருபது வருஷமாகக் கமலக்கண்ணன் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அந்தக் குடத்துத் தண்ணீர் ஒரு சொம்பு குடிப்பார். செப்பில் தங்கின தண்ணீர் உடம்பைக் கழுவிவிடும் என்பார். எழுநூறு மில்லி ஆன பிறகு அந்தச் சொம்பு நின்றுபோயிற்று. குடத்தை நிரப்பும் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. கேன் தண்ணீரைத்தான் நிரப்பினாள். அவர் சொன்ன பேச்சை மீறவில்லை. சாயங்காலம் நிரப்பி, காலையில் அவர் குளிக்கப் போன நேரத்திலோ ஆட்டோ ஏறிய பிறகோ, அவர் பங்குச் சொம்பை அவருடைய தொட்டியில் கோடு வரை ஊற்றினாள். ஊற்றும்போது அவரே குடிக்கிற மாதிரி அவளுக்கு ஒரு நிறைவு.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மொட்டு வட்டத்தைத் தாண்டிக் கல்லின்மேல் கால் வைத்தது. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஜெயமணியைக் கூப்பிட்டுக் காட்டினார். போட்டோ எடுத்துத் தர்ஷினிக்கு அனுப்பினார். "இன்னும் ஒண்ணு" என்றார். அன்று ராயக்கோட்டைத் தக்காளி ஒரு கிலோ வாங்கி வந்தவள், அது அவருக்கு ஆகாது என்பதையே மறந்து குழம்பு வைத்துவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டு தனக்கு மட்டும் போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் நத்தை. அந்தப் புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்குள் மூன்று. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு அதைவிட்டு வெளியே வந்து கிடந்தது. மொட்டுகள் விரியாமல் கைகளை மடக்கிக்கொண்டன. கமலக்கண்ணன் உப்பைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார், நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜெயமணி தன் கையை மோந்து பார்த்தாள். ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து தன் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று பயந்தாள். அவருக்குத் தெரியாமல் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, முழங்கை வரை தேய்த்து, அதற்குப் பிறகே சொம்பைத் தொட்டாள். தினமும் தண்ணீர் மாற்றிப் பார்க்கலாம் என்று அவர் உப்புக் கரைக்க உட்கார்ந்தபோது, வாளிக்கும் குடத்துத் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினாள். நோயாளிக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டாமா? மாற்ற மாற்ற மொட்டுகள் இன்னும் சுருங்கின. கல்லின்மேல் ஏறிய அந்த ஒற்றை மொட்டு பழுப்பாகி, ஒரு காலையில் கரைந்தே போயிற்று.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வெங்கட் வந்தான். குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு மருந்தை ஏழெட்டுச் சொட்டு விட்டுக் குலுக்கினான். நிறம் மாறியது. அட்டையோடு வைத்துப் பார்த்தான், மறுபடியும் ஒரு தடவை செய்து பார்த்தான்.

"காப்பர் ணா" என்றான். "செம்பு. இதுங்களுக்கு வெசம். துளி போதும். வீட்ல எதாவது காப்பர் சாமான் படுதா? பைப்பு? பாத்திரம்?"

ஜெயமணி சமையலறை நிலைப்படியில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் குடம். வெள்ளிக்கிழமை மாலைதான் தேய்த்திருந்தாள்; ஜன்னல் வெயில் பட்டுத் தகதகவென்று இருந்தது. கமலக்கண்ணன் தலையைத் தூக்கினார். இருபத்திரண்டு வருஷம் எந்தப் பழுது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடித்த கண். அது அவளைக் கடந்து குடத்தில் போய் நின்றது, பிறகு அவள் முகத்துக்கு வந்தது.

"மோட்டாருதான் வெங்கட்டு" என்றார். "உள்ள காப்பர் கம்பி சுத்தியிருக்கும் இல்ல. சீல் விட்டிருக்கும்."

"அப்பிடியா ணா? புது மோட்டாராச்சே."

"புதுசும் போவும். நான் பாத்திருக்கறேன்."

வெங்கட் நம்பினானோ இல்லையோ, தலையை ஆட்டினான். இனி தண்ணீரை மாற்றிப் பிரயோசனமில்லை, கல்லும் மணலும் செம்பைக் குடித்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டே இருக்கும் என்றான். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வேண்டுமானால் தானே வந்து செய்து தருவதாகச் சொன்னான். "பாக்கலாம்பா" என்றார் கமலக்கண்ணன். அவன் படியிறங்கும் வரை ஜெயமணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"நாந்தாங்க ஊத்தினேன்" என்றாள். "கொடத்துத் தண்ணி. நீங்க குடிக்கற தண்ணிதானேன்னு..."

"தெரியுது."

"திட்டுங்களேன். ஒரு வார்த்தை திட்டிடுங்க."

அவர் நோட்டை மூடி, ரப்பர் பேண்டு போட்டு, மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் வைத்தார். "நல்லதுன்னுதானே ஊத்தின. இதுல திட்டறதுக்கு என்னா இருக்குது" என்றார். அந்தக் குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. ஆடி மாதத்தில் "போதும்" என்று சொன்ன அதே குரல் அது என்பதை அவள் கண்டுகொண்டாள். அடுப்படிக்குள் போய்ப் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலையில் அவர் முதலில் எழுந்திருந்தார். நீல விளக்கைப் போடவில்லை. தொட்டி எதிரே, பனியனோடு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மோட்டாரையும் நிறுத்திவிட்டதால் வீடு ரொம்பவும் அமைதியாக இருந்தது. அவர் சட்டையை ஜெயமணி அப்போதுதான் இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்தாள். ஏழு மணிக்குத் திம்மராயன் வந்துவிடுவார்.

"மணி ஆவுதுங்க. சட்டை வெச்சிருக்கறேன்."

"ம்."

"சேலத்துக்கு... தர்ஷினிகிட்ட நான் பேசறேன். அடுத்த வாரம் போயிட்டு வந்துடலாம். அது ஏறுனா என்னா, ஏறாட்டி என்னா. அது வேற, இது வேறங்க."

அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஜெயா, கொடத்துல தண்ணி இருக்குதா?" என்றார்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு சொம்பு கொண்டா. ரொம்ப நாளாச்சு."

"வேணாங்க."

"கொண்டா."

வேண்டாம் என்று கத்தலாம். குடத்தைத் தூக்கித் தெருவில் கவிழ்க்கலாம். எது நல்லது என்று தீர்மானிக்கும் தைரியம் அவளிடம் அறவே இல்லை. நல்லது என்று நினைத்து அவள் செய்த காரியம் எதிரே கண்ணாடிக்குள் கிடந்தது. சமையலறைக்குப் போனாள். குடத்தின் வயிற்றில் அவள் முகம் அகலமாகக் கோணித் தெரிந்தது. பாதிச் சொம்பு மொண்டாள். கொஞ்சம் திரும்ப ஊற்றினாள். கால் சொம்போடு கூடத்துக்கு வந்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, முழுசாகக் கொண்டுவரச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. கட்டில்மேல் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஜெயமணி சொம்போடு நடுக் கூடத்தில் நின்றாள். தொட்டியில் நேற்றும் இன்றும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கறுப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. நடுவில் விட்ட இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. திம்மராயன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தார்.